ஆடியது கொஞ்சம், இடிந்தது அதிகம்!

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி குஜராத்தில் பெரிய பூகம்பம். பூஜ் பகுதி தரைமட்டம் ஆயிற்று. அங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, ஆமதாபாத். அங்கும் மாடிக் கட்டிடங்கள் சரிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அந்த ஊரில் பூமி எவ்வளவு ஆடியது? கருவி ஒன்று அளந்து காட்டியது. பூமியின் இழுப்பு விசை 100 பங்கு என்றால், பக்கவாட்டில் உலுக்கிய விசை சுமார் 11 பங்கு.

2002-ல் கட்டிட விதி திருத்தப்பட்டது. ஆமதாபாத்தில் கடும் பூகம்பம் வந்தால் 16 பங்கு வரை உலுக்கும் என்று அது கணக்கிட்டது. அந்த அளவை 2001 பூகம்பம் அங்கே எட்டவே இல்லை!

பிறகு ஏன் இடிந்தன? மேலே வீடுகள், கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள். பல இடங்களில் அந்தத் தூண்களே முறிந்தன. இப்படிப்பட்ட தூண்கள் இரண்டரை மடங்கு விசையைத் தாங்கவேண்டும் என்றது புதிய விதி.

பூகம்ப விதி நம் நாட்டில் 1962-லேயே வந்துவிட்டது. ஏட்டில் இருந்தது, பல கட்டிடங்களில் இல்லை.

2002-ல் சென்னையும் ஆமதாபாத்தைப் போல மூன்றாம் மண்டலத்தில் சேர்க்கப்பட்டது. ஆகவே, தூணைச் சோதிக்காமல் அதிகாரிகள் அனுமதி தரக்கூடாது.

வீடு வாங்குவோரே! தரையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். "தூண் தாங்குமா?" என்று என்ஜினீயரைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.