ஒரு வயிற்றுச் சொற்கள்

ஸ்பானிய மொழியிலுள்ள அரபுச் சொற்கள் யாவும் படையெடுப்பின் எச்சங்களே என்போருக்கு ஒரு கேள்வி. கோட்டை அரண்மனையைச் சுட்டும் 'அல்காசர்' எவருடைய சொல்? அரபு 'அல்-கஸ்ர்' என்பதன் திரிபு என்பீர்கள். சரி, 'கஸ்ர்' எங்கிருந்து வந்தது? உரோமரின் பாசறையைக் குறித்த இலத்தீன் 'காஸ்ட்ரும்', கிரேக்கம் வழியாக அரபுக்குச் சென்றது என்பதே அறிஞர் பலரின் முடிவு. அதன் சிறுமை வடிவமான 'காஸ்டெல்லும்'தான் ஸ்பானியத்தில் 'காஸ்தில்யோ', இத்தாலியத்தில் 'காஸ்தெல்லோ', பிரெஞ்சில் 'ஷாத்தோ' ஆயிற்று. ஆக, காஸ்தில்யோவும் அல்காசரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வீடு திரும்பிய பிள்ளையை அந்நியன் என்பது எந்த நியாயம்?

1360களில் செவில் அல்காசரில் மாளிகை எழுப்பிய கிறிஸ்தவ மன்னன் முதலாம் பேதுரோ, அதன் சுவர்களில் அரபு எழுத்துகளையும் பொறிக்கச் செய்தான். மன்னனுக்கு வராத கூச்சம், மொழித் தூய்மை பேசுவோருக்கு ஏன் வருகிறது?