ஜப்பானியச் சிறுவர் நூல்களும் நமது பிள்ளைகளும்

சென்னையில் ஜப்பானிய மொழித் தேர்வுக்குச் செல்லும் தமிழ் வாலிபர் பலர். உத்தியோகத்தை உத்தேசித்தே அவர்களில் பெரும்பாலோர் அப்பாஷையைப் பயில்கின்றனர். அதில் குற்றமில்லை, இங்கிலீஷ் கற்றுக் கோர்ட்டில் பிழைக்கும் நம் போன்றோருக்கு அதைக் குறைகூற யோக்கியதையும் கிடையாது. ஆனால் தேர்வுப் புஸ்தகத்தை மூடிவைத்தபின் அவர்கள் கையிலெடுக்க வேண்டியவை அந்நாட்டுச் சிறுவர் நூல்களே என்பது நமது அபிப்பிராயம்.

ஜப்பானியப் பிள்ளை ஆரம்பப் பள்ளியின் 6 ஆண்டுகளில் 1,026 சீன எழுத்துக்களைக் கற்றாக வேண்டும். 247 எழுத்து பாரமென்று முறையிடும் நம்மவர் இதைக் கவனிப்பாராக! அத்தனையும் கற்று முடியும்வரை பிள்ளை கதை படிக்கக் காத்திருக்கட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. கடினமான எழுத்தின் அருகே அதன் ஒலியைச் சிற்றெழுத்தில் அச்சிட்டுவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இட்ட அந்த ஏணியில் அன்னியனும் ஏறலாம்.

ஏறினவன் காண்பது வெறும் சர்க்கரைப் பாகு அன்று. சுசுகி மியேகிச்சி 1918இல் தொடங்கிய 'சிவப்புப் பறவை' என்னும் சிறுவர் பத்திரிகையின் முதல் இதழிலேயே அந்நாட்டின் தலைசிறந்த கதாசிரியரான அகுதாகவா எழுதினார். 1932இல் அதே பத்திரிகையில் நீமி நான்கிச்சியின் 'கோன்' என்னும் நரிக்கதை வெளியாயிற்று. ஓர் ஏழைக் குடியானவனுக்குத் தான் செய்த தீங்கை எண்ணி வருந்திய நரி, அவன் வீட்டில் இரகசியமாகக் காட்டுக்காய்களும் காளானும் கொண்டுவந்து வைக்கிறது. அவனோ திருட வந்ததென்று சுட்டுவிடுகிறான். சுட்ட பிறகே உண்மை விளங்குகிறது. இதை நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்கள் மனம் ஒடிந்துவிடும் என்று அங்கே யாரும் அஞ்சவில்லை.

குரோயாநாகி தெத்சுகோ 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் தந்திருக்கிறது. ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட டோக்கியோ பள்ளியொன்றின் உண்மைச் சரித்திரம் அது. நடுப்பகலில் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக அமர்கிறார்கள். கடலில் விளைந்ததும் மலையில் விளைந்ததும் ஒவ்வொருவர் உணவிலும் உண்டா என்று தலைமையாசிரியர் கொபயாஷி பார்த்துவருகிறார். குறைந்ததை அவர் மனைவி தம் பாத்திரத்திலிருந்து இடுகிறார். இளம்பிள்ளைவாதம் கண்ட சிறுவனை டோட்டோ மரத்தில் ஏற்றுகிறாள். பிறகு அவன் இறந்தும் போகிறான். கொரியச் சிறுவன் ஒருவன் வசைச்சொல்லால் புண்படுவதும், 1945இல் குண்டு வீச்சில் பள்ளி எரிவதும் மறைக்கப்படவில்லை.

இந்நூலின் சாப்பாட்டுக் காட்சியைக் கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்து படிப்பவனுக்கு நெஞ்சில் முள் தைக்காமலிராது. வ.வே.சு. ஐயரின் தமிழ்க் குருகுலம் 1922இல் இவ்வூரில்தான் தொடங்கிற்று. பின்னர் சேரன்மாதேவிக்கு மாறிற்று. தேசபக்தியோடு கைத்தொழிலும் தமிழும் கற்பிக்கவே ஐயர் அதை நிறுவினார். ஆயினும் பெற்றோர் கேட்டதற்கு இணங்கிச் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவிட்டதால் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் பந்தி ஒன்றாக இருக்கவேண்டுமென்று வாதாடினர். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நாம் தயக்கமின்றிச் சொல்வோம். ஐயரின் தியாகத்தில் நமக்குள்ள பக்தி இதனால் இம்மியும் குறையாது. 1925 ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் தம் மகளைக் காக்கப் பாய்ந்து அவர் உயிர்நீத்தார்.

பெரியவர்கள் இதைப்பற்றி ஏராளமாக எழுதி, ஒருவரையொருவர் ஏசியும் தீர்த்துவிட்டார்கள். அங்கே உண்டவர்களோ சிறுவர்கள்! அடுத்த பந்திக்குப் போக அனுமதியில்லாத பத்து வயதுப் பையன் என்ன நினைத்தான்? தனியே உட்கார்த்தி வைக்கப்பட்டவன்தான் என்ன நினைத்தான்? அவ்வயதுப் பிள்ளை தானே படிக்கும்படி இந்தச் சரித்திரத்தைச் சொல்லும் நூல் நம் கண்ணில் பட்டதில்லை. 'பிஞ்சு உள்ளத்தில் ஜாதி விவகாரத்தைப் புகுத்தலாமா?' என்று சில உபாத்தியாயர்கள் கேட்கக்கூடும். அதை நாம் புகுத்த வேண்டியதில்லை. தெருவும் பள்ளிக்கூடமும் முன்னமே புகுத்திவிட்டன.

சிறு வாக்கியம், பெரிய எழுத்து, நூறு பக்கம் போதும். ஐயரை அசுரராகவும் ஆக்கவேண்டாம், அவதாரமாகவும் ஆக்கவேண்டாம். பிறநாட்டில் பிறந்து தமிழைப் புதிதாகப் பயிலும் நம்மவர் பிள்ளைகளுக்கும் அது விளங்கவேண்டும். எழுதி அனுப்புவார் உண்டாயின் அச்சிடும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.