நாரி எங்க இருக்கு எண்டு றிப்போட்டுக்குத் தெரியாது

எங்கட ஊரில் உடம்பைப் பற்றிப் பேசச் சொற்பஞ்சம் இல்லை. நாரி, பிடரி, கமக்கட்டு, கெண்டைக்கால், முழங்கால் சில்லு, குண்டிக்காய், சலப்பை எண்டு அம்மம்மாமார் ஒவ்வொரு இடத்துக்கும் பேர் சொல்லுவினம். ஆனால் அதே அம்மம்மா நாரி நோவுக்கு ஒரு ஸ்கான் எடுத்தால், அவவின்ர உடம்பைப் பற்றி எழுதின அந்தப் பேப்பரில் அவவுக்கு விளங்குற சொல் ஒன்றுகூட இருக்காது. 'நாரி' அங்க 'லம்பார்' ஆகிவிடும். பிறகு பக்கத்து வீட்டில் ஏ.எல். படிக்கிற பெடியனைத் தேடவேண்டும். அவன் கூகுளில் போட்டுப் பார்த்து, முதலில் வருகிற பயங்கரமான வருத்தத்தைச் சொல்லிவிட்டுப் போவான்.

இதை மொழிப்பற்றுப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. தன் உடம்புக்குள் என்ன கண்டிருக்கினம் என்று தெரியாமலே ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் எழுதிக் கையெழுத்து வைக்கிறார். சும்மா பயந்து நித்திரை இல்லாமல் கிடக்கிறார், அல்லது பயப்படவேண்டிய இடத்தில் பேப்பரை மடித்து அலுமாரிக்குள் வைக்கிறார். பிரச்சினை அதுதான்.

இத்தனைக்கும் அந்தப் பேப்பரை ஓரளவு விளங்கிக்கொள்ள வைத்தியம் படிக்கத் தேவையில்லை. சில வழக்கங்கள் தெரிந்தால் போதும்.

வைத்தியர்கள் உடம்பில் ஓரிடத்தைக் குறிக்கும்போது மனசில் ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நிமிர்ந்து நிற்கிறார், முகம் நேரே, கைகள் பக்கத்தில் தொங்குகின்றன, உள்ளங்கை முன்னுக்குப் பார்க்கிறது. நீங்கள் குப்புறப் படுத்திருந்தாலும் றிப்போட்டில் நீங்கள் அந்த ஆள்தான். 'அன்ரீரியர்' என்றால் முன்பக்கம், 'பொஸ்ரீரியர்' பின்பக்கம். 'சுப்பீரியர்' என்றால் தலைப்பக்கம், 'இன்ஃபீரியர்' கால்ப்பக்கம். உயர்வு தாழ்வு ஒன்றும் இல்லை. 'மீடியல்' உடம்பின் நடுக்கோட்டுக்குக் கிட்ட, 'லற்றரல்' அதிலிருந்து தள்ளி. கை காலுக்கு வந்தால், 'புரொக்சிமல்' உடம்போடு பொருந்துகிற பக்கம், 'டிஸ்ரல்' விரல் நுனிப் பக்கம். வழுக்கி விழுந்து கையை ஊன்றி மணிக்கட்டுக்குக் கிட்ட எலும்பு முறிந்த ஆளுக்கு 'டிஸ்ரல் ரேடியஸ்' என்று எழுதுவது இதனால்தான்.

வலம் இடம் எப்பவும் நோயாளியின் வலம் இடம். நெஞ்சு எக்ஸ்றேயை வைத்தியர் உங்களுக்கு எதிரே நிற்பது போலப் பார்க்கிறார். சி.ரி. ஸ்கானின் குறுக்குவெட்டுப் படத்தை உங்கள் கால்மாட்டில் நின்று பார்ப்பது போலப் பார்க்கிறார். இரண்டிலும் படத்தின் இடதுகைப் பக்கம் தெரிவது உங்கள் வலப்பக்கம். ஈரல் இடம் மாறி நிற்கிறதோ என்று பதறத் தேவையில்லை.

அடுத்தது மெசின்கள். எல்லாவற்றையும் நாங்கள் 'ஸ்கான்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுகிறோம். எக்ஸ்றேயை ரொஞ்சன் 1895இல் கண்டுபிடித்தார். எலும்பு கதிரை அதிகம் மறிக்கிறது, அதனால் வெள்ளையாக விழுகிறது. காற்று நிறைந்த சுவாசப்பை கறுப்பாக விழுகிறது. சி.ரி. என்பதும் எக்ஸ்றேதான், சுற்றிச் சுற்றி எடுத்து, கணினியால் பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போல உடம்பைக் காட்டும். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அப்படிப் பார்த்தார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்றேயை விட இதில் கதிர் பல மடங்கு அதிகம். அதனால்தான் கர்ப்பமா என்று கேட்கிறார்கள். வெட்கப்படாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. கர்ப்பிணிகளுக்கு வழமையாக எடுக்கிற ஸ்கானில் இந்தக் கதிர் கிடையாது. அது எங்கள் காதுக்குக் கேட்காத ஒலி திரும்பி வருவதை வைத்து வரைகிற படம். எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் இல்லை. அது பெரிய காந்தம். உடம்புக்குள் பேஸ்மேக்கரோ இரும்போ இருந்தால் முதலே சொல்லவேண்டியது அதனால்தான்.

விலை கூடின மெசின்தான் நல்ல மெசின் என்பதும் பிழை. பித்தப்பைக் கல்லுக்கு முதலில் எடுக்கவேண்டியது மலிவான அந்த ஒலி ஸ்கான்தான். சி.ரி.யில் சில கற்கள் தெரியாமலே போகும்.

இன்னும் சில சொற்கள் சனத்தைப் போட்டு அலைக்கழிக்கும். 'நெகட்டிவ்' என்றால் தேடிய வருத்தம் காணப்படவில்லை என்று அர்த்தம். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் வழமைக்கு மாறாக ஒன்றும் தெரியவில்லை. 'லீஷன்' என்றால் வழமைக்கு மாறான ஓர் இடம். புற்றுநோய் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. 'டீஜெனரேற்றிவ்' என்பது பெரும்பாலும் வயதோடு வருகிற தேய்மானம். நாரி நோவே இல்லாத ஆக்களை ஸ்கான் பண்ணிப் பார்த்தாலும் வயது போகப் போக அது கூடக்கூடத் தெரியும். இந்த நாலு சொல்லையும் யாராவது தமிழில் சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் அன்றிரவு சமைத்திருப்பார்கள்!

இதெல்லாம் தமிழில் சொல்ல ஏலாது என்று யாராவது சொன்னால், மானிப்பாய்ப் பக்கம் காட்டுங்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் தன் வைத்திய வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஹென்றி கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் வந்தது 1858இல். 1872இல் அது 'மனுஷவங்காதிபாதம்' என்று தமிழில் வந்துவிட்டது. மதம் பரப்புவதும் கிறீனின் நோக்கம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தமிழில் படித்தவர்கள் உத்தியோகம் தேடிப் போகாமல் கிராமத்துச் சனத்தோடு இருப்பார்கள் என்பதும் அவருடைய கணக்கு. 1870இல் கொழும்பில் ஆங்கிலத்தில் வைத்தியக் கல்லூரி தொடங்கியது. வைத்தியப் படிப்பு அந்தப் பக்கமே போய்விட்டது.

கம்பஸில் மருத்துவபீட நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நியாயமான பதில் வருகிறது: "றிப்போட் ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்கு எழுதுறது. சொல் மாறினா சிகிச்சை மாறும்." சரி, றிப்போட் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். நான் கேட்பது அடியில் மூன்று வரி: எந்த இடத்தைப் பார்த்தோம், என்ன கண்டோம், அடுத்து யாரிடம் எப்ப போகவேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். சிங்களக் கிராமத்து ஆச்சியின் கையில் இருப்பதும் இதே ஆங்கிலப் பேப்பர்தான். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. படிவம் தமிழில் இல்லை என்றால் சண்டை பிடிக்கிற நாங்கள், ஸ்கான் றிப்போட்டை மட்டும் கேட்க நினைப்பதே இல்லை.

அந்த மூன்று வரியை எழுதுவதில் கலைப்பீடத்துக்கும் வேலை இருக்கிறது. மொழிபெயர்ப்பும் மொழியியலும் படிக்கிற நாங்கள், அகராதியில் தூங்குகிற சொற்களைக் கொண்டுவந்து வைத்தால் 'லம்பார்' போய் இன்னொரு விளங்காத சொல் வரும். 'அங்காதிபாதம்' என்றால் இன்றைக்கு எங்களில் எத்தனை பேருக்கு விளங்கும்? கிளினிக் வாங்கில் இருக்கிற அம்மா நாரி என்று சொன்னால் பேப்பரிலும் நாரி என்றே இருக்கவேண்டும். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வேறு சொல் என்றால் அதையும் கேட்டு எழுதவேண்டும்.

மருத்துவபீடப் பெடியள் இரண்டு பேரும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்தால், அடிக்கடி வருகிற ஐம்பது சொல்லுக்கு விளக்கம் எழுத எத்தனை நாள் போகும்? வாசிக்கிற நீங்கள் மருத்துவபீடமாக இருந்தால், கன்ரீனில் சந்திப்போம்.