அரை ஆயுளோடு நின்றுவிடலாமா?

கதிரியக்கம் என்றதும் படிவம் 5 மாணவர்கள் பாதி, கால், அரைக்கால் என்று வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அரை ஆயுள் கணக்கு தேர்வில் வரும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், அதோடு பாடத்தை மூடிவிடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. சிதையும் அணுக்கரு, தன் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நமக்குச் சொல்கிறது.

சமையல் உப்பையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சோடியம்-23, அணு உலையில் ஒரு நியூட்ரானை ஏற்றால் சோடியம்-24 ஆகிறது. இதன் அரை ஆயுள் 15 மணி நேரம்தான். இது பீட்டா துகளை உமிழ்ந்து மக்னீசியம்-24 ஆக மாறும்போது, புதிய அணுக்கரு மாடிப்படியின் மேலே நிற்பதுபோல் கூடுதல் ஆற்றலோடு இருக்கிறது. முதலில் 2.754, அடுத்து 1.369 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா கதிர்களை வெளிவிட்டு, இரண்டே எட்டில் தரைக்கு இறங்கிவிடுகிறது.

இரண்டையும் கூட்டுங்கள்: 4.123. ஆக, அந்த அணுக்கருவில் 1.369-இல் ஒரு படி, 4.123-இல் இன்னொரு படி. கண்ணால் காண முடியாத அணுக்கருவின் ஆற்றல் நிலைகளை இரண்டு எண்களைக் கொண்டே அறிந்துவிட்டோம்!

“இது தேர்வுக்கு வராதே, டீச்சர்?” என்பீர்கள். வராமல் போகலாம். ஆனால், உப்பைத் தீயில் இட்டால் மஞ்சள் ஒளி வருவது ஏன்? சோடியத்தின் எலக்ட்ரான் ஒரு படி இறங்குவதால்தான். அணுக்கருவிலும் அதே கதை. ஆற்றல் மட்டும் பல இலட்சம் மடங்கு அதிகம். இது புரிந்தால் வேதியியலும் இயற்பியலும் ஒரே பாடமாகத் தெரியும்.

குறுகிய ஆயுள் கொண்ட ஐசோடோப்புகள் பொதுவாக அதிக ஆற்றலோடு சிதைவதால், இன்னும் உயரமான படிகளையும் காட்டுகின்றன. அதனால்தான் சில வினாடிகளே வாழும் அணுக்கருக்களை, செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில் 1967 முதல் உருவாக்கி ஆராய்கிறார்கள். நம் நாட்டில், பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆய்வு உலையிலும் மண், பாறை மாதிரிகளை நியூட்ரான்களால் கதிரியக்கமாக்கி, வெளிவரும் காமா ஆற்றலைக் கொண்டு அவற்றிலுள்ள தனிமங்களை அடையாளம் காண்கிறார்கள்.

எனவே, அடுத்த முறை அரை ஆயுள் கணக்கை முடித்ததும் புத்தகத்தை மூடாதீர்கள். “இந்த அணுக்கரு எந்தப் படியிலிருந்து இறங்கியது?” என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர்களாகிய நாமும் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குவோம்.