எண்ணும் எண்ணாததும்

ஒருவருடைய திறமையை மதிப்பிடுதல் எளிய காரியமன்று. நெடிய உருவமும் விரைந்த ஓட்டமும் கண்டவிடத்து, ‘இவரே வல்லவர்’ என்று நம் கண் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. அத்தீர்ப்பு பிழைபடுதலும் உண்டு. அதனைத் திருத்த வந்த எண்ணும் பிழைபடுதல் உண்டு. இவ்விரண்டிற்கும் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டம் சிறந்ததோர் சான்றாகும்.

அவ்வாட்டத்தில் மட்டையாளர் பந்தை அடித்து முதல் தளத்தை அடைவது ஒரு வழி. எல்லைக்குப் புறம்பாக எறியப்படும் பந்துகளை அடியாது பொறுத்திருந்து, அவை நான்கானவுடன் அத்தளத்தைப் பெறுவது மற்றொரு வழி. நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வந்த அடிச் சராசரியோ முதல் வழியை மட்டுமே கணக்கிட்டது. பொறுமையின் பயன் அதில் இடம்பெறவில்லை. கான்ஸாஸ் மாகாணத்தில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலராயிருந்த பில் ஜேம்ஸ் என்பார், 1977 முதல் தாமே வெளியிட்டு வந்த ஆண்டு நூல்களில் இத்தகைய பழைய மதிப்பீடுகளை ஆராயலானார்.

அவ்வாராய்ச்சியின் பயனை ஓக்லண்ட் கோஷ்டியின் நிர்வாகியான பில்லி பீன் கைக்கொண்டார். முழங்கைக் காயத்தால் முன்போல் பந்தெறிய இயலாதிருந்த ஸ்காட் ஹாட்டபர்க் என்பாரை, அவருடைய பொறுமையின் பொருட்டே அவர் விரும்பியமர்த்தினார். 2002-இல் அக்கோஷ்டி ஆட்டக்காரர்க்கு அளித்த சம்பளம் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அளித்ததோ அதனினும் மும்மடங்கு. எனினும் இரு கோஷ்டிகளும் அவ்வாண்டு 103 ஆட்டங்களில் வென்றன.

நிற்க, இவ்வெற்றி முழுவதும் கணக்கினால் வந்ததென்பது மிகையாகும். ஓக்லண்டில் புகழ்பெற்ற பந்தெறிவோர் மூவர் இருந்தனர். அன்றியும், பருவ இறுதிப் போட்டியின் முதற் சுற்றிலேயே அக்கோஷ்டி தோல்வியுற்றது. ஆயினும், கண் புறக்கணித்தவரை எண் கைதூக்கிவிட்டது உண்மை. இது நீதியின்பாற்பட்டதென்றே நாம் கொள்கிறோம்.

பின்னர் யாவரும் கணக்கிடத் தொடங்கினர். ஒவ்வொரு மட்டையாளரும் அடிக்கும் பந்து எப்பக்கம் செல்லுமென்று கணித்து, களங்காப்போரை அப்பக்கமே நெருக்கி நிறுத்தினர். மட்டையாளரோ அவர்கள் தலைக்கு மேலாக உயர அடிக்கத் தலைப்பட்டனர். உயர அடிக்க முயல்வோர் பந்தைத் தவறவிடுதலும் மிகுதியன்றோ? 2018-இல், மூன்று ‘ஸ்டிரைக்’கினால் ஆட்டமிழந்த தடவைகள், பந்தடித்துத் தளமடைந்த தடவைகளை முதன்முறையாக விஞ்சின. ஓட்டமும் பாய்ச்சலும் அருகிப் பார்ப்போர் சலிப்புற்றனர். முடிவில், இரண்டாம் தளத்தின் இருபுறமும் உட்களங்காப்போர் இவ்விருவராக நிற்றல் வேண்டுமென்று 2023-இல் விதி செய்ய நேர்ந்தது.

இதனால் அறியத்தக்கது யாது? ஒவ்வொரு கோஷ்டியின் கணக்கும் அதனதன் வெற்றிக்குச் சரியானதே. ஆனால் ஆட்டத்தின் அழகு எவர் கணக்கிலும் இல்லை. பழைய சராசரி பொறுமையை எண்ணாது விட்டது. புதிய கணிதம் மகிழ்ச்சியை எண்ணாது விட்டது. ஆதலின் எண்ணை வெறுத்தல் வேண்டா. அதன்முன் வாய்மூடி நிற்றலும் வேண்டா. எவ்வெண்ணைக் கண்டாலும், ‘நீ எண்ணாது விட்டது எது?’ என்று வினவுதலே கற்றோர் கடன் என்பது நம் கருத்து.