முன்னச்சுக்கு ஒரு வடிதிருகு

நூலும் சாயமும் ஏற்றிவரவும், மலைத்தோட்டங்களின் விளைபொருளைச் சந்தைக்கு இறக்கவும் நம் சங்கங்கள் வைத்திருக்கும் மோட்டார் வண்டிகளைப் பற்றி இவ்விதழில் அதிகம் எழுதப்படுவதில்லை. கடன், வட்டி, தள்ளுபடி ஆகியவற்றுக்கே பக்கங்கள் போதாமலிருப்பது காரணமாயிருக்கலாம். ஆயினும் அங்கத்தினர்களின் பங்குத் தொகையில் வாங்கிய ஒரே வண்டி பட்டறையில் படுத்துவிடுமானால், அம்மாதத்து வியாபாரமும் அதனுடன் சேர்ந்து படுத்துவிடுகிறது. ஆகவே இம்மாதம் ஒரு சிறு திருகைப் பற்றி எழுதத் துணிகிறோம்.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வகை வண்டிகளில், பின்னச்சில் இருப்பது போலவே முன்னச்சிலும் ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. இதனைப் பட்டறைக்காரர்கள் டிபரன்ஷியல் என்று சொல்வார்கள். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறத்துச் சக்கரம் உட்புறத்துச் சக்கரத்தைக் காட்டிலும் அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. இரண்டையும் அவ்வவற்றின் வேகத்தில் ஓடவிட்டு, விசையையும் பகிர்ந்தளிப்பதே இப்பெட்டியின் தொழில். உள்ளே கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரமும் பினியன் என்னும் சிறிய பற்சக்கரமும் ஒன்றோடொன்று அழுந்திச் சுழல்கின்றன. அவற்றின் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் செல்வதால், சாதாரண எண்ணெய் அவ்வழுத்தத்தைத் தாங்காது. கந்தகமும் பாஸ்பரமும் கலந்த கியர் ஆயிலே தாங்கும். அந்த ஆயிலின் கடுநாற்றத்துக்கும் அக்கந்தகமே காரணம்.

முன்னச்சைப் பற்றி ஓட்டுநர்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சேற்றிலும் ஏற்றத்திலும் மட்டுமே முன்சக்கரங்களுக்கு விசை கொடுக்கிறோம். மற்ற நாட்களில் அப்பெட்டி சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதற்கு எண்ணெய் மாற்றுவானேன் என்று கேட்கிறார்கள். சக்கரக் குடத்தில் தொடர்பை விடுவிக்கும் அமைப்பு இல்லாத வண்டிகளில் இது உண்மையன்று. விசை செல்லாவிட்டாலும், சாலையில் உருளும் முன்சக்கரங்களே உள்ளிருக்கும் பற்சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருக்கின்றன. சுமை குறைவு என்பது உண்மை. ஓய்வு என்பது உண்மையன்று.

அன்றியும், ஓடையைக் கடக்கும்போது தண்ணீரில் முதலில் இறங்குவது முன்னச்சுதான். வெகுதூரம் ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த நீரில் திடீரென்று அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. பெட்டியின் மூச்சுக்குழல் அடைபட்டிருந்தாலோ, நீருக்குள் இருந்தாலோ, அச்சுருக்கம் தண்ணீரையே உள்ளே இழுத்துவிடும். தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் நீர் புகும். நீர் கலந்த எண்ணெய் மோர் போல் வெளுத்துவிடுகிறது. அதில் ஓடும் பேரிங்குகள் துருவேறிக் கெடுகின்றன. முதலில் ஓர் உறுமல் கேட்கும். ஓட்டுநர் அதை டயரின் சத்தம் என்பார். பிறகு கிரவுனும் பினியனும் ஜோடியாக மாற்றவேண்டிய நாள் வந்து சேரும். அன்று வரும் பட்டறைச் சீட்டைப் பார்த்த பிறகே நிர்வாகக் குழுவினர் முன்னச்சைப் பற்றி முதன்முதலாகப் பேசுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் எண்ணெய் ஏன் மாற்றப்படுவதில்லை? சோம்பல் மட்டும் காரணமன்று. பல வண்டிகளின் முன்னச்சில் எண்ணெய் ஊற்றும் திருகு உண்டே தவிர, அதை வடிக்கும் திருகு கிடையாது. அமெரிக்க ஜீப் வண்டிகளில் 1972 முதல் பல ஆண்டுகள் வந்த டானா 30 என்னும் முன்னச்சு இதற்கு நல்ல உதாரணம். அதன் வாயைப் பத்து போல்ட்டுகளால் இறுக்கிய தகட்டு மூடி ஒன்று அடைத்திருக்கும். எண்ணெயை வடிக்க வேண்டுமானால் அப்பத்தையும் கழற்றி, மூடியை நெம்பிப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி மறுபடியும் இறுக்கவேண்டும். உள்ளே பிடிக்கும் எண்ணெயோ ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர்தான். அதற்காக அரைநாள் வேலையா என்று மெக்கானிக் தயங்குகிறார். ஊற்றும் துளையில் விரலை விட்டுப் பார்த்து, குறைந்ததை மட்டும் நிரப்பி அனுப்பிவிடுகிறார். இதே அமைப்புள்ள வண்டிகள் நாம் பார்வையிடும் சங்கங்கள் சிலவற்றிலும் உண்டு. அவற்றின் செலவுச் சீட்டுகளில் ‘கியர் ஆயில் அரை லிட்டர்’ என்று ஆண்டுதோறும் காண்கிறோம். பழையதை வடித்ததாக ஒரு வரியும் கண்டதில்லை.

ஜக்கார்டுப் பெட்டியின் அச்சுக்கு எண்ணெய் விடுமுன் பழைய பிசுக்கைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்பதை நம் நெசவாளர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிசுக்கின் மேல் எண்ணெய் விட்டால் பிசுக்குத்தான் பெருகும். வண்டிக்கும் அதுவே. குழாய் போட்டு மேல்துளை வழியாக உறிஞ்சியெடுத்துவிடலாமே என்பர் சிலர். உறிஞ்சலாம். ஆனால் நீர் எண்ணெயைவிடக் கனமானது. இரும்புத்துகள் அதைவிடக் கனமானது. குழாய் எட்டாத அடிமூலையில் தங்குவன அவ்விரண்டுமே.

ஆதலால், வடிதிருகு இல்லாத முன்னச்சுள்ள வண்டியை வைத்திருக்கும் சங்கம் அதனை ஒருமுறை பொருத்திக்கொள்வதே முறை என்பது நம் துணிபு. பட்டறையில் இதை டிரெயின் பிளக் என்று கேட்டால் போதும்.

‘கம்பெனிக்காரன் அறியாததையா நாம் அறிந்துவிட்டோம்?’ என்று ஒரு தலைவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வியே. மூடியைக் கழற்றினால் பற்களின் தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்பது வடிதிருகு வையாமைக்குச் சாதகமான வாதம். அதில் உண்மையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். திருகு வந்துவிட்டதென்று அதை விட்டுவிடலாகாது. ஆனால் திறப்பது கடினம் என்பதாலேயே பத்தாண்டு திறவாமல் விடும் வழக்கத்தைவிட, எளிதாக வடித்து எண்ணெயின் நிறத்தையாவது பார்ப்பது மேலல்லவா? அடியில் துளையிட்டால் ஒழுகுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். வேலை சரியில்லாவிட்டால் ஒழுகத்தான் செய்யும். அதனால்தான் வேலையின் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூடி எஃகுத் தகட்டால் ஆனதா என்று முதலில் பார்க்கவேண்டும். எஃகானால் அதைக் கழற்றியெடுத்து, அடிப்பகுதியில் துளையிட்டு, உள்மரையுள்ள தடித்த இரும்பு வளையம் ஒன்றை வெளிப்புறமாக வைத்துப் பற்றவைக்கலாம். ஒரே மூச்சில் பற்றவைத்தால் தகடு சூட்டில் கோணிவிடும். சிறிது சிறிதாக, ஆறவிட்டு வைக்கவேண்டும். பிறகு மூடியின் விளிம்பைச் சமதளத்தில் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திருகைப் பூட்டி, மூடியைக் கிண்ணம்போல் நிறுத்தி மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்தால், மயிரிழை விரிசலும் காலையில் ஈரமாகத் தெரிந்துவிடும். வண்டியில் பூட்டியபின் சக்கரத்தைக் கையால் சுழற்றி, கிரவுன் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். திருகின் தலை வெளியே நீட்டிக்கொண்டிராமல் உட்குழிந்ததாக இருப்பது நல்லது. மலைப்பாதையின் கற்கள் யாருக்கும் இரங்குவதில்லை. காந்தம் பதித்த திருகு கிடைத்தால் அதையே வாங்கலாம். அதில் மாவு போல் ஒட்டும் கரிய துகள் இயல்பான தேய்மானம். செதிலோ பல்லின் துண்டோ ஒட்டியிருந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

மூடியைக் கழற்றாமல், வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, துரப்பணத்தில் கிரீஸ் தடவித் துளைத்துவிடலாம் என்று சொல்லும் கைகாரர்கள் உண்டு. கிரீஸ் துகளையெல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். பிடிக்காத ஒரு துகள் போதும், பேரிங்கைத் தின்பதற்கு. மூடி பூட்டியபடியே பற்றவைப்பதையும் அனுமதிக்கலாகாது. உள்ளே எண்ணெய் இருக்கிறது, மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் அதன் உருளைகளும் பழுதாகும். பெட்டி முழுவதும் வார்ப்பிரும்பாயிருந்து தனி மூடி இல்லையென்றால், பற்றவைப்பு வெடிப்பில் முடியலாம்; தடிமன் பார்த்துத் துளையிட்டு மரை போடுவதை, பெட்டியைப் பிரித்து வைத்துத் தேர்ந்த கடைசல் பட்டறையில்தான் செய்விக்கவேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத புது வண்டியாயின், விற்றவரின் எழுத்து மூலமான சம்மதமின்றித் தொடவேண்டாம்.

இனி வடிக்கும் நாளில் கவனிக்கவேண்டியது: வண்டி சிறிது தூரம் ஓடி எண்ணெய் இளகியபின், மேலே ஊற்றும் திருகை முதலில் கழற்றவேண்டும். கீழ்த்திருகை முதலில் கழற்றி எண்ணெயெல்லாம் வடிந்தபின் மேல்திருகு துருவேறி அசையாவிட்டால், வண்டியை நகர்த்தவும் முடியாது, நிரப்பவும் முடியாது. வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடவேண்டும். மூடியின் விளிம்புக்குக் கீழே சிறிது எண்ணெய் எப்படியும் தங்கும். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இச்செலவுக்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் இருக்கட்டும். வண்டிப் பதிவேட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், வடித்த அளவு, ஊற்றிய அளவு, வடித்த எண்ணெயின் நிறம் ஆகிய ஐந்து பத்திகள் போட்டு ஓட்டுநரின் கையொப்பம் பெறவேண்டும். வடித்தது ஊற்றியதைவிடக் கூடுதலாயிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். குறைவாயிருந்தால் ஒழுக்கு எங்கே என்று தேடவேண்டும். அடுத்த பார்வையின்போது இப்பத்திகளை நாமும் கேட்டுப் பார்ப்போம். பழைய எண்ணெயை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாமல், மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைத்து, கழிவெண்ணெய் எடுப்பதற்கு அனுமதி பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்கிப் பதிவேட்டிலேயே ஒட்டிவிடலாம்.