ஒரு வாரத்து முதலாளிகள்

பள்ளிப் பிள்ளைகளை ஒரு வாரம் முதலாளிகளாக்கிப் பார்க்கும் கோடை முகாம் ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உண்டு. 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வில்லியம்ஸ்போர்ட் நகரத்து லைகமிங் கல்லூரி விடுதியில் தங்கி, குழுவுக்கொரு கற்பனைத் தொழிற்சாலையை நடத்துகின்றனர். தொழில் துறையினரின் சொற்பொழிவுகளைக் கேட்டபின் குழுக் கூட்டம். தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றனர். எத்தனை பொருள் செய்வது, என்ன விலை வைப்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று வாதாடி முடிவெடுத்தால், இலாபமா நட்டமா என்பதைக் கணிப்பொறி சொல்லிவிடும். பின்னர்ப் பங்குதாரர் முன் கணக்கு ஒப்பிக்க வேண்டும். (நம் வாய்மொழித் தேர்வு எவ்வளவோ மேல்!)

வகுப்பில் வாய் திறவாத பெண்ணும் அங்கே விலையைப் பற்றி வாதாட நேர்கிறது. இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. இவ்விளையாட்டில் நட்டம் வந்தால் எவர் வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. ஆட்குறைப்புச் செய்தாலும் அது தாளில் ஓர் எண்தான். ஆகவே, மேலாளர்கள் பேசும் மேடையில், ஆலை மூடப்பட்டு வேலையிழந்த தொழிலாளி ஒருவரையும் ஒரு மாலை முழுவதும் பேச வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. மறுநாள் காலை அப்பிள்ளைகள் எந்த எண்ணை எழுதுகிறார்கள் என்று பார்க்க ஆசை.